இரவு எங்கே நிற்பாட்டுவீர்கள்?

நாங்கள் ஒரு வான் வாகனத்துக்குள் குடியிருக்கப் போகிறோம் என்று சொன்னால் ஆட்கள் முதலில் கேட்பது கக்கூசைப் பற்றித்தான். பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். என் கணவரோடு படகில் வேலை செய்யும் பெடியன்கள் சிரித்துச் சிரித்துக் கேட்டார்கள். என்னோடு வேலை செய்யும் இங்கிலாந்துக்காரி கூட மழை வெயிலில் தொடங்கி எங்கெங்கோ சுற்றி அங்கேதான் வந்து நின்றாள். பதில் மிகச் சின்னது: இருக்கை வைத்த ஒரு பெட்டி, சிறுநீரைப் பிரிக்க ஒரு புனல், ஒரு வாளி, ஒரு உரப்பை நிறையத் தும்புத்தூள். ஈரத்தை உறிஞ்சி மணத்தை அடக்கத் தும்புத்தூள் போதும், விலையும் ஒன்றுமில்லை. மேல்நாட்டு வான்களில் இருப்பது போல இரசாயனம் ஊற்றிய பெட்டி வைத்தால் அதைக் கொண்டுபோய் ஊற்றுவதற்கு அங்கே தனி இடங்கள் இருக்கின்றன, இங்கே இலங்கையில் இல்லை. அவ்வளவுதான் விசயம். இதற்கு மேல் கக்கூசைப் பற்றி எழுத மாட்டேன்.

அம்மா மட்டும் அதைக் கேட்கவில்லை. சம்பூரில் வீட்டு முற்றத்தில் வானைக் கொண்டுபோய் நிறுத்தியபோது ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், டயரைத் தட்டினார், உள்ளே ஏறிப் பலகைக் கட்டிலைக் கையால் அமத்திப் பார்த்தார். பிறகு இறங்கி நின்று, "அது சரி பிள்ளை, ராவில எங்க நிப்பாட்டுவீங்க?" என்றார். "எங்கயும் நிப்பாட்டலாம் அம்மா, அதுக்குத்தானே வான்" என்றேன். அவர் மறுத்தும் சொல்லவில்லை, ஓம் என்றும் சொல்லவில்லை, கோழிக்குத் தீன் போடப் போய்விட்டார். பற்றரி, சோலர், சிம், கட்டில், அடுப்பு என்று நான் எழுதிய பட்டியல் நீண்டுகொண்டே போனது, ஒவ்வொன்றாக வெட்டவும் முடிந்தது. இந்தக் கேள்விக்கு மட்டும் பட்டியலில் இடமே இருக்கவில்லை, ஆனால் மண்டைக்குள் அதுதான் நின்றது.

ஏன் இந்த வேலை என்று கேட்பவர்களுக்கு: இவர் நிலாவெளியில் சுழியோடிகளைக் கூட்டிக்கொண்டு புறாத்தீவுக்குப் போகிறவர். வாடை தொடங்கினால் இங்கே கடல் கலங்கிவிடும், படகை மேலே இழுத்து ஏற்றிவிடுவார்கள். அதே நேரம் மறுகரையில், ஹிக்கடுவைப் பக்கம், கடல் தெளியத் தொடங்கும். ஆகவே கார்த்திகையிலிருந்து பங்குனி வரை இவர் அங்கே, ஓர் அறைக்குள் நாலு பெடியன்களோடு. நான் இங்கே உப்புவெளியில் வாடகை வீட்டில், வெளிநாட்டுக் கம்பனிகளின் கணக்குகளைப் பார்த்துக்கொண்டு. எனக்கு லப்டொப்பும் இணையமும் போதும், இருந்தும் நான் அசைய முடியாமல் இருப்பேன், அசையாத கடல் தேவைப்படுகிற மனிதர் நாடு முழுக்கத் திரிவார். மார்கழியில் ஹிக்கடுவையில் வீடு எடுப்பதென்றால் வெள்ளைக்காரருக்குச் சொல்லும் வாடகையைத்தான் எங்களுக்கும் சொல்லுவார்கள். இரண்டு பக்கமும் வாடகை கட்டுவதை விட ஒரு பழைய டொல்ஃபின் வான் வாங்கினால் என்ன என்று தோன்றியது அப்படித்தான். 2020 பங்குனியில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 மாசியில்தான் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் எங்கள் வயசுள்ள வான்கள் எல்லாம் காணி விலைக்குப் போய்விட்டன. அதைப் பற்றியும் எழுத மாட்டேன், வயிறு எரியும்.

ஆயத்தம் என்று தொடங்கினால் எல்லாரும் போய் விழுவது அமெரிக்கக்காரரின் வீடியோக்களில்தான். நானும் பார்த்தேன், நிறையப் படித்தும் கொண்டேன், ஆனால் அதில் பாதி குளிரைப் பற்றியது. டீசலில் எரியும் சூடாக்கி, உறையாத தண்ணீர்க் குழாய், லிதியம் பற்றரியைப் பூச்சியம் பாகைக்குக் கீழே சார்ஜ் பண்ணக்கூடாது என்ற எச்சரிக்கை. திருகோணமலையில் இருந்துகொண்டு அதைக் கேட்டால் சிரிப்பு வரும். மற்றப் பாதி சட்டத்தைப் பற்றியது, அதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே மேற்கு மாநிலங்களில் மத்திய அரசின் பொதுக் காணிகள் கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கின்றன. பெரும்பாலான இடங்களில் பதினாலு நாள் மட்டும் காசில்லாமல் வாகனத்தை விட்டுப் படுக்கலாம், பிறகு வேறு இடத்துக்கு நகர்ந்தால் சரி. நிரந்தர விலாசம் இல்லாதவர்கள் தென் டகோட்டா மாநிலத்துக்குப் போய் ஒரு இரவு தங்கி, அந்தப் பற்றுச்சீட்டையும் கடிதம் பெற்று அனுப்பும் ஒரு நிறுவனத்தின் விலாசத்தையும் காட்டிச் சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்துவிடுகிறார்கள். ஒரு இரவு! எங்கள் மாவட்டத்தில் ஒரு துண்டு வெறுங்காணியைக் காட்டுங்கள். அது வனத் திணைக்களத்தினுடையதாக இருக்கும், இல்லாவிட்டால் தொல்லியல், இல்லாவிட்டால் கடற்படை, குளத்தங்கரை என்றால் நீர்ப்பாசனம், எதுவுமில்லை என்றால் இரண்டு குடும்பம் நீதிமன்றத்தில் நிற்கும். திருகோணமலையில் சும்மா கிடக்கிற நிலம் என்று ஒன்று கிடையாது, இங்கே பிறந்த எவருக்கும் இது தெரியும்.

தகரமும் கிடுகும்

எனக்கு வேலை தொடங்குவது பின்னேரத்தில். இங்கிலாந்தில் காலை ஒன்பது மணி என்றால் எங்களுக்குக் கோடையில் ஒன்றரை, அவர்கள் கடிகாரத்தை மாற்றினாப் பிறகு இரண்டரை. அதாவது கச்சான் காற்று வீசி மண் கொதிக்கிற அந்த நேரத்துக்குத்தான் நான் வானுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கணக்குப் பார்க்க உட்கார வேண்டும். ஆவணி மாதம் பரீட்சித்துப் பார்த்தோம். ஒரு மணித்தியாலத்துக்குள் வான் பாண் போறணை ஆகிவிட்டது. லப்டொப்பின் காற்றாடி ஓலமிடத் தொடங்கியது, எனக்கு நெற்றி வியர்வை விசைப்பலகையில் விழுந்தது. குளிரூட்டி என்ற கதைக்கே இடமில்லை, மிகச் சின்னதும் நூற்றுக்கணக்கான வாட் கேட்கும்.

அம்மா கேட்டார், "கூரைக்கு என்ன போட்டனீங்கள்?" உள்ளே நுரைப்பலகை ஒட்டியதைச் சொன்னேன். "உள்ளுக்குப் போட்டு என்ன, தகரம் சுட்டாப் பிறகுதானே அது வேலை செய்யும். மேல கிடுகு போடு" என்றார். நான் சிரித்தேன், இவர் சிரிக்கவில்லை. எங்கள் சனம் 2006இல் யுத்தத்தில் சம்பூரை விட்டு வெளிக்கிட்டு, மட்டக்களப்புப் பக்கம் அலைந்து, பிறகு கிளிவெட்டி முகாமில் தகரக் கொட்டில்களில் வருசக்கணக்காக இருந்தது. காணி விடுபட்டது 2015இல். தகரத்துக்குக் கீழே மத்தியானம் எப்படிச் சீவிப்பது என்று அம்மாவுக்கு எந்த வீடியோவும் சொல்லித்தரத் தேவையில்லை: தகரத்தில் வெயில் படாமல் ஒரு சாண் மேலே எதையாவது பரப்பு, இடையில் காற்றுப் போக விடு, வாசலில் நனைத்த சாக்கைத் தொங்கவிடு. கொஞ்சம் யோசித்தால் சோலர் தகடு செய்வதும் அதுதான். கூரையோடு ஒட்டாமல் இரண்டு அங்குலம் உயர்த்திப் பூட்டினால் தகடும் அவ்வளவு சூடாகாது, அதன் நிழல் கூரையிலும் விழும். வானின் உருவத்தை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அலைய வேண்டும் என்பதால் கூரையில் துளை போட்டுக் காற்றாடி வைக்கும் யோசனையை ஏற்கனவே கைவிட்டிருந்தோம். சட்டகம் பூட்டித் தகடு, தகடு மூடாத இடத்துக்குச் சுருட்டி விரிக்கும் கிடுகு. கராஜ் பாஸ் முதலில் நம்பவில்லை, "நங்கி, கலியாண வீட்டுக்கா?" என்று கேட்டார். வெப்பமானி வைத்துப் பார்த்த பிறகு தன் பட்டறைக் கூரையைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

ஆனால் இதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது, வானில் வேலை செய்ய நினைக்கும் எவரும் அதில் மாட்டுப்படுவார்கள். மனிசருக்கு மர நிழல் வேண்டும். சோலருக்கு மரமே ஆகாது, தகட்டில் ஒரு கிளை நிழல் விழுந்தாலே மின்சாரம் பாதியாகப் படுத்துவிடும். 2025 ஆடியில் இங்கே வந்த ஸ்டார்லிங்க் செய்மதி இணையத்தின் தட்டுக்கும் திறந்த வானம்தான் வேண்டும். வேம்புக்குக் கீழே நின்றால் உடம்பு சுகம், வேலை இல்லை. வெளியில் நின்றால் வேலை நடக்கும், ஆள் இருக்க மாட்டேன். கடைசியில் 400 வாட்டில் பாதியைக் கூரையிலும் மற்றப் பாதியைப் பத்து மீற்றர் வயரோடு கழற்றி வைக்கும்படியும் செய்தோம். வான் நிழலில், தகடு வெயிலில். குரங்கு வராத இடமாகப் பார்த்து வைக்க வேண்டும், டவுன் பக்கம் என்றால் மானும் வந்து வயரை மணந்து பார்க்கும்.

கணக்குப் பார்ப்பது என் தொழில் என்பதால் கரண்டுக்கும் கணக்கு வைத்தேன். லப்டொப் 50 வாட், எட்டு மணித்தியாலம் ஓடினால் 400 வாட் மணி. இரண்டாவது திரைக்கு 160. ரவுட்டருக்கு 100. பன்னிரண்டு வோல்ற் காற்றாடி இரண்டு அரை நாள் ஓடினால் 480. சின்னக் குளிர்ப்பெட்டி எங்கள் வெக்கையில் 500க்குக் குறையாது. லைற், போன் எல்லாம் சேர்த்தால் 1,700ஐத் தொடுகிறது. 400 வாட் தகடு நல்ல வெயில் நாளில், வயரிலும் சூட்டிலும் போவதைக் கழித்தால், 1,500 தந்தாலே பெரிய காரியம். 200 அம்பியர் மணி லிதியம் பற்றரி முழுதாக நிறைந்திருந்தால் 2,560. பழைய மாதிரி ஈயப் பற்றரி என்றால் அதே அளவில் பாதிக்கு மேல் எடுக்கக்கூடாது, எடுத்தால் ஆயுள் போய்விடும். ஒரு நாள் மப்பு என்றால் சமாளிக்கலாம், இரண்டாம் நாளும் மப்பு என்றால் குளிர்ப்பெட்டியை நிற்பாட்ட வேண்டும். இரண்டாவது திரையை விட்டேன். லப்டொப்பை இன்வேட்டர் வழியாக ஏற்றாமல் பன்னிரண்டு வோல்ற்றிலிருந்தே நேரே ஏற்றும் சார்ஜர் ஒன்று வாங்கினேன், இன்வேட்டர் சும்மா தின்னும் பத்து சதவீதம் மிச்சம். வான் ஓடும்போது ஓல்டனேற்றரிலிருந்து ஏற்ற முப்பது அம்பியர் சார்ஜர் ஒன்றும் இடையில் பூட்டினோம். அதில்லாமல் லிதியத்தை நேரே கொடுத்தால் அது இழுக்கிற இழுவையில் பழைய ஓல்டனேற்றர் எரிந்துபோகும்.

இதெல்லாம் காசும் பொறுமையும் இருந்தால் தீரும் பிரச்சினைகள். உண்மையைச் சொன்னால் இந்தப் பயிற்சியை 2022இன் பொருளாதார நெருக்கடி எங்களுக்கு ஏற்கனவே தந்துவிட்டது. பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாளிலும் வேலை முடித்துக் கொடுத்திருக்கிறேன். எண்ணெய் வரிசையில் வாகனத்துக்குள்ளேயே படுத்து, அங்கேயே பல் தீட்டி, அங்கேயே சாப்பிட்டது முழு நாடும்தான். இவருடைய அப்பா தன் ஓட்டோவுக்குள் இரவுகளைக் கழித்தவர், அவருக்கு எங்கள் திட்டத்தில் புதுமையாக ஒன்றும் தெரியவில்லை. "கட்டிலாவது இருக்கே" என்றார் மாமா.

டோர்ச் வெளிச்சம்

அம்மாவின் கேள்வி திரும்பவும் வந்தது இறக்கக்கண்டிப் பாலத்துக்கு அங்கால், ஒரு பரீட்சார்த்த இரவில். நான் வேலை முடிக்கும்போது பத்து மணி. இருட்டுக்குள் ஓடிக் கடலோரமாக, வெளிச்சம் இல்லாத நல்ல அமைதியான இடமாகப் பார்த்து நிறுத்தினோம். வெளிச்சம் இல்லாத இடம் நல்ல இடம் என்று வீடியோக்கள் சொல்லும், ஆளின் கண்ணில் படாமல் நிற்பதை ஒரு கலையாகவே சொல்லித்தருவார்கள். நடுச்சாமத்தில் கண்ணாடியில் டோர்ச் வெளிச்சம் விழுந்தது. ரோந்து வந்த பொலிஸ். மரியாதையாகத்தான் கேட்டார்கள், இவர் சிங்களத்தில் மறுமொழி சொன்னார். எந்த ஊர்? திருகோணமலை. வீடு எங்கே? உப்புவெளி. அது எவ்வளவு தூரம்? பக்கம்தான். அப்படியென்றால் ஏன் வீட்டில் படுக்கவில்லை?

இதற்கு என்ன மறுமொழி சொல்ல? எனக்கு இன்றைக்கும் தெரியாது. இவர் "சும்மா, பழகிப் பார்க்கிறோம்" என்றார். அந்தப் பெரியவர் அடையாள அட்டை இரண்டையும் வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, வானுக்குள் ஒருமுறை வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, இங்கே நிற்க வேண்டாம், வீட்டுக்குப் போங்கள் என்றார். போனோம். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நடுச்சாமத்தில் வெளிச்சம் அணைத்த வான் கடற்கரையில் நின்றால் நானே பயப்படுவேன். கோபம் வந்தது "எங்கும் நிற்கலாம்" என்று நான் சொன்ன பேச்சின் மேல்தான். அந்தப் பேச்சு வேறு யாரோ ஒருவருடைய நாட்டிலிருந்து வந்தது. ஒளிந்து நிற்பது அவர்களுக்குச் சாகசமாக இருக்கலாம். எங்கள் ஊரில் ஒளிந்து நிற்கிறவருக்குப் பெயர் வேறு.

விலாசமும் இதே கதைதான். என் கம்பனி வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கு ஒரு படிவம் தந்திருக்கிறது: வேலை செய்யும் இடத்தின் விலாசம், பூட்டக்கூடிய அறை, கரண்ட் போனால் மாற்று, நிலையான இணையம். மற்றவர்களின் கணக்கு வழக்கு என் திரையில் இருப்பதால் அது நியாயமான கேள்விதான், தேத்தண்ணிக் கடையில் இருந்து அதைத் திறக்க முடியாது. பூட்டு, மாற்று, இணையம் மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தது. விலாசத்துக்கு? வங்கிக்குக் கரண்ட் பில் வேண்டும், வாக்காளர் இடாப்புக்கு வீடு வேண்டும், எதற்கும் கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழ் வேண்டும், அதில் பிரதேச செயலாளர் மேலொப்பம் வைக்க வேண்டும். அலுவலர் எங்கள் கதையைக் கேட்டு நன்றாகச் சிரித்துவிட்டு, "தங்கச்சி, வானுக்கு நான் சேட்டிபிக்கற் தர ஏலாது" என்றார். முடிவாக, வாடகை வீட்டை விடுவது, எல்லாக் கடிதமும் சம்பூர் வீட்டுக்கு, படிவத்திலும் அந்த விலாசம், வெளியூரில் இருக்கும் நாட்களை மேலாளருக்கு முன்கூட்டி அறிவிப்பது என்று தீர்மானித்தோம், கம்பனியும் எழுத்தில் ஒப்புக்கொண்டது.

அந்த வீடு 2015க்குப் பிறகு வீட்டுத்திட்டத்தில் கட்டியது. அதற்கு முன்னர் அம்மாவிடம் இருந்த விலாசங்களை எல்லாம் எழுதினால் ஒரு பக்கம் போதாது. எங்கள் கொட்டிலில் நடுக் கம்பத்தில் ஒரு நீலப் பொலித்தீன் பை தொங்கும். பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், அப்பாவின் இறப்புச் சாட்சிப் பத்திரம், நிவாரண அட்டை, காணி உறுதியின் போட்டோப்பிரதி எல்லாம் அதற்குள். ஓட வேண்டி வந்தால் முதலில் கழற்றுவது அது. எனக்குப் பதின்மூன்று வயதில் அந்தப் பை என் பொறுப்பு. ஆகவே வீட்டை விட்டால் சுதந்திரம் என்று யாராவது கமராவைப் பார்த்துச் சொல்லும்போது எனக்கு வாய் கைக்கிறது. திரும்பிப் போய்ப் படுக்க ஒரு வீடும் அதற்கு ஒரு திறப்பும் இருக்கிறவர் சொல்லும் பேச்சு அது. நாங்கள் போவது கூட அந்தத் திறப்பு இருக்கிற துணிவில்தான், இதை மறைக்க எனக்கு ஒரு தேவையும் இல்லை.

பொழுது பட முன்னம்

கதிர்காமப் பாதயாத்திரைச் சாமிமார் ஒவ்வொரு வருசமும் எங்கள் பக்கத்தால் போவார்கள். யாழ்ப்பாணத்தில் செல்வச்சந்நிதியில் வெளிக்கிட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை, பிறகு காடு என்று ஏறக்குறைய இரண்டு மாத நடை. வழியில் ஊர்ச்சனம் சாப்பாடு கொடுக்கும். வெருகலுக்குப் போகும் வழியில் ஒரு பிள்ளையார் கோயிலில் அவர்கள் தங்கியபோது அம்மா சோறும் மோரும் கொண்டுபோனார், தூக்கிக்கொண்டு நானும் போனேன். கோயில் வீதியில் ஆலமரத்துக்குக் கீழே பாய் விரித்து ஆட்கள் காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்கள். கிணற்றடியில் குளிப்பு நடந்தது. மடத்துத் திண்ணையில் ஒருவர் போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தார், மூன்று பேரின் போன் ஒரே பிளக்கில். எனக்கு அந்த இடத்திலேயே ஏதோ ஒன்று பிடிபடத் தொடங்கிவிட்டது. நிழல், தண்ணீர், கக்கூஸ், பிளக். நான் மாதக்கணக்காக வானுக்குள் அடைக்கப் பார்த்த அத்தனையும் இங்கே வெளியில் கிடக்கிறது.

வடமராட்சியிலிருந்து வந்த ஒரு வயதான அம்மாச் சாமி மோர் குடித்துக்கொண்டிருந்தார். பல வருசமாக நடக்கிறவர். ஒவ்வொரு நாளும் எங்கே தங்குவது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். கோயில்கள் எல்லாம் முன்னமே ஒழுங்குதானே என்று நினைத்துத்தான் கேட்டேன். "கனக்க இடம் ஒழுங்குதான் மோனை, ஆனா எல்லா இடமும் இல்லை. கால் ஏலாமல் பிந்திப்போனா எங்கயாவது நிக்கத்தானே வேணும். பொழுது பட முன்னம் போய்க் கேட்டுப்போடவேணும். வெளிச்சத்தில முகத்தைக் காட்டிக் கேட்டா ஆரும் இல்லை எண்டு சொல்லாயினம். இருட்டினாப் பிறகு வாற ஆளை ஆர் நம்புவினம்?" என்றார். ஏதோ சமையல் குறிப்புச் சொல்வது போலச் சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் மோர் கேட்டார்.

பக்கத்தில் நின்ற அம்மா, "அதத்தான் நானும் கேட்டனான்" என்றார் என்னைப் பார்த்து. எங்கே நிறுத்துவது என்று அவர் கேட்டது இடத்தைப் பற்றியே இல்லை. யாரைக் கேட்டு நிறுத்துவீர்கள் என்பதுதான். முகாமுக்கு முகாம் போனபோதும் அவர் முதலில் செய்தது பக்கத்துக் கொட்டில்காரரிடம் போய்த் தன் பெயரைச் சொன்னதுதான், எனக்கு அது ஞாபகம் இருக்கிறது. அப்போது அது எனக்கு வெட்கமாக இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இருந்தே என் நாளை மாற்றி அடுக்கினேன், அது அவ்வளவு இலேசாகப் பொருந்தும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு வேலை மத்தியானத்துக்குப் பிறகு. அப்படியென்றால் காலையில் மட்டும் ஓடுவது. ஆறு மணிக்கு வெளிக்கிட்டால் பத்து மணிக்குள் எழுபது எண்பது கிலோமீற்றர் தாராளமாகப் போகலாம். பகல் வெளிச்சத்தில் போய் இறங்கி, ஆளைக் கண்டு, கேட்டு, கிணற்றையும் நிழலையும் சிக்னலையும் பார்த்து, ஒன்றரைக்கு முன்னர் தகட்டை வெளியில் வைத்து, வேலையைத் தொடங்குவது. இரவு பத்தரைக்கு லப்டொப்பை மூடினால் அங்கேயே படுக்கை. இருட்டில் ஒரு அடியும் வான் நகராது. காலை ஓட்டத்தில் ஓல்டனேற்றரும் பற்றரியில் ஒரு பங்கை நிறைத்துவிடும். ஒரு இடத்தில் ஒரு கிழமை, பிடித்தால் இரண்டு கிழமை. முன்னர் நான் போட்டிருந்த திட்டத்தில் ஒவ்வொரு இரவும் ஒரு புது இடம் இருந்தது. அது உல்லாசப் பயணிக்குச் சரி, மாதக் கடைசியில் கணக்கு முடிக்கிறவளுக்குச் சரிவராது. வருமான வரிப் படிவத்துக்கு இங்கிலாந்தில் தை 31 கடைசி நாள், அந்த மாதம் முழுக்க ஒரே முற்றத்தில்தான் நிற்பேன் என்று இவரிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.

இப்போது ஒரு சிவப்புக் கொப்பி இருக்கிறது. போனில் இல்லை, கொப்பியில், ஏனென்றால் பாதிப் பெயர்களைத் தந்தது அம்மாவும் அவருடைய சிநேகிதிகளும். வாகரையில் முகாமில் பக்கத்தில் இருந்த ஒரு ஆன்ரி. மட்டக்களப்பில் கூடப் படித்த பிள்ளையின் வீடு, பெரிய வளவு, வேம்பு இரண்டு. திருக்கோவிலில் கோயில் மடம், கேட்க வேண்டிய ஆளின் பெயர். பொத்துவிலில் இவருடைய கூட்டாளியின் விருந்தினர் விடுதி, பருவம் முடிந்த பிறகு வெறுமையாகக் கிடக்கும், குளியலறைக்கும் பிளக்குக்கும் மட்டும் ஒரு தொகை கொடுத்தால் போதும். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் எந்தக் கம்பனி சிம் அங்கே இழுக்கும் என்று குறித்திருக்கிறேன், போன் பண்ணிக் கேட்டே எடுத்தது. இரண்டு வெவ்வேறு கம்பனி சிம்மும் வெளியில் பூட்டும் அன்டெனாவும் போதும் என்று இப்போதைக்கு முடிவு, ஸ்டார்லிங்க் பிறகு பார்க்கலாம்.

பொத்துவிலுக்கு அப்பால் கொப்பி மெலிகிறது. மொனராகலை, வெல்லவாய, அங்கால் தெற்குக் கரை. அங்கே கேட்பது வேறு மாதிரித்தான் இருக்கும், நடிக்கத் தேவையில்லை. இவருடைய சிங்களம் படகில் படித்தது, நல்லாய் ஓடும், என்னுடையது சந்தையில் மரக்கறி வாங்கும் அளவு. பௌத்த பன்சாலை வளவில் கேட்கலாம் என்று ஹிக்கடுவைக் கூட்டாளிகள் சொல்கிறார்கள், பாடசாலை அதிபர்களிடமும் கேட்கலாமாம். கேட்டுப் பார்ப்போம். அந்தப் பக்கத்து வேலைகளை இவர்தான் பார்க்க வேண்டும், சமையல் என் பொறுப்பு என்று பேசிக்கொண்டோம். இவருக்கு அது இலாபம் இல்லை என்று தெரியும். கதிர்காமப் பக்கத்துக் காட்டு வீதிகளில் வாகனத்தை மறித்துச் சாப்பாடு கேட்கப் பழகிய யானைகள் நிற்கின்றன, ஆகவே அங்கே ஓடும் நாளில் வாழைக்குலை, பலாப்பழம் ஒன்றும் வானுக்குள் இருக்காது. நிற்பாட்டுவது கட்டாயம் ஊருக்குள்.

சமையலுக்கு 2.3 கிலோ கேஸ் சிலிண்டர். 2021 கடைசியில் வீடு வீடாக அடுப்பு வெடித்த செய்திகளுக்குப் பிறகு அதை உள்ளே வைத்துப் படுக்க எனக்கு மனம் இல்லை. இந்த வாயு காற்றை விடப் பாரம், கசிந்தால் தரையில்தான் தேங்கும், நாங்கள் படுப்பதும் தரைக்குக் கிட்டத்தான். பின்கதவுப் பக்கம் கீழே ஓட்டை வைத்த தனிப் பெட்டி செய்து அதற்குள் வைத்திருக்கிறோம், சமையல் வெளியில். மழை பெய்தால் பாணும் சம்பலும்.

ஐப்பசி கடைசிக்குள் வெளிக்கிட வேண்டும். பிந்தினால் வெருகல் பக்கம் வெள்ளம் வந்து வீதியை மூடிவிடும், ஹபரணையால் சுற்றிப் போக நேரும். கொப்பி முழுக்கக் கிழக்குக் கரைப் பெயர்கள் என்பதால் அந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு ஆளையும் தெரியாது. வீட்டுக்காரருக்கு அறிவித்தாயிற்று. தளபாடத்தில் கட்டிலும் அலுமாரியும் சம்பூருக்குப் போகின்றன, தையல் மெசினை யார் எடுப்பது என்று மச்சாளும் பக்கத்து வீட்டு அக்காவும் என்னை வைத்து இழுபறிப்படுகிறார்கள். இவர் இன்னொரு 100 அம்பியர் மணி பற்றரி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார், மார்கழியில் மப்பு வந்தால் என்ன செய்வாய் என்கிறார். அந்தக் காசுக்கு நாலு மாதம் விடுதி முற்றங்களில் பிளக் வாடகை கட்டலாம் என்று நான் கணக்குக் காட்டினேன். இன்னும் தீரவில்லை.